பூதக்கண்ணாடியின் இருமல்

அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் பாராட்டி வைத்தார்களா, வயிற்றெரிச்சலில் வைத்தார்களா என்பது பத்தொன்பது வருஷமாகியும் அவளுக்கு விளங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் செய்யும் தொழிற்சாலை அது. அதில் பரிசோதனை அறை என்று ஒன்று. ஜன்னல் கிடையாது. பன்னிரண்டு மேஜை, பன்னிரண்டு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் ஒரு கறுப்புத் துணி. கழுவி வரும் லென்ஸை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், குமிழி, தூசி எதுவும் இல்லையென்றால் நீலத் தட்டு. இருந்தால் சிவப்புத் தொட்டி. நீலத் தட்டில் போனது அடுத்த அறையில் மேற்பூச்சுப் பூசும் கோட்டிங் மெஷினுக்குள் போகும். அங்கே லென்ஸோடு ஒரு தூசி போய்விட்டால் அது லென்ஸ் உள்ளவரைக்கும் அதிலேயே இருக்கும், சுரண்டினாலும் வராது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அவள் விடாமலே அப்படிப் பார்ப்பாள். வேலையிடத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை. புருஷன் சவரம் செய்துகொண்டு வந்தால் தாடைக்குக் கீழே விட்டுப்போன மூன்று முடியைக் காட்டுவாள். கல்யாண வீட்டில் பெண்ணின் சேலையில் நூல் பிரிந்திருப்பதைப் பெண்ணிடமே போய்ச் சொல்லுவாள். கேட்டால், "கண்ணுக்குத் தெரியுது, சொன்னேன். சொன்னாத்தானே சரி பண்ணுவாங்க?" என்பாள். குறையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி சரியான மாதிரி என்று உண்மையாகவே நம்பினாள். தன் தலையில் நரை வந்தபோதும் அப்படித்தான், கண்ட அன்றைக்கே டை வாங்கி வந்தாள். டை அடித்தால் இரண்டு வாரம் தலை அரிக்கும். தொப்பியை ஒரு ஓரமாகத் தூக்கி, பென்சிலை விட்டுச் சொறிந்துகொள்வாள்.

பரிசோதனை அறையில் எல்லோருக்கும் தலையில் துணித் தொப்பி உண்டு. மதியம் சாப்பிடப் போகும்போது கழற்றி உதறிவிட்டுப் போவார்கள். கழற்றாத ஒருத்தி பூதக்கண்ணாடிக்குப் பக்கத்து மேஜைக்காரி. சாப்பிடும்போதும் தொப்பி, சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதும் தொப்பி. பஸ் ஏறும்போது தொப்பி போய்க் கழுத்துவரை துணி வந்துவிடும். அதனால் அவள் பெயர் தொப்பி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. ஒருத்தி டிபன் பாக்ஸை இன்னொருத்தி கேட்காமல் திறப்பாள். தொப்பி ஏன் தொப்பியைக் கழற்றுவதில்லை என்று பூதக்கண்ணாடி கேட்டதே இல்லை. சளி பிடிக்கும் உடம்பு என்று முதல் வருஷமே தொப்பி சொல்லியிருந்தாள், இவளும் நம்பிவிட்டாள். உலகத்தின் குறையெல்லாம் கண்ட கண், பக்கத்து நாற்காலியில் பத்தொன்பது வருஷம் ஏமாந்தது.

ஒரு நாள் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை. பூதக்கண்ணாடி தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தொப்பி கண்ணாடி முன் குனிந்து தலைக்கு ஏதோ களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. சுற்றிலும் இருந்தது விரல்கணு நீளத்துக்கு ஒட்ட வெட்டிய முடி. நடுவில் தோல் சிவந்து, அங்கங்கே ரத்தம் காய்ந்த புள்ளிகள்.

"ஐயோ! யாருடி அடிச்சது உன்னை? வீட்டுக்காரரா?"

"இல்லை."

"பின்னே யாரு?"

"நான்தான்டி," என்றாள் தொப்பி. களிம்புக் குப்பியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி மூடினாள். "நானே பிடுங்கிக்கிறேன். பதினோரு வயசுல இருந்து."

பூதக்கண்ணாடி கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள். தொப்பி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். பரீட்சைக்குப் படிக்கும்போது ஆரம்பித்ததாம். விரலுக்கு ஒரு முடி அகப்படும், மற்ற முடியை விடக் கொஞ்சம் தடிப்பாக, முரடாக. அதை விட்டுவைத்தால் உடம்பு முழுக்க ஏதோ இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். பிடுங்கினால் ஒரு நொடி எல்லாம் தளர்ந்துவிடும். அடுத்த நொடி அழுகை வரும். பாதி நேரம் பிடுங்குவதே தெரியாது, மடியில் முடி கிடப்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும். அம்மா முதலில் அடித்தாள். பிறகு நாவிதரைக் கூப்பிட்டு மொட்டை போட்டாள். "இப்ப எதைப் பிடுங்குவே, பார்க்கலாம்" என்றாள்.

"அப்புறம்?"

"இமை முடியைப் பிடுங்கினேன்."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் தூங்குவேன். ஒரு நாளும் கேட்கலை. கேட்காததுதான் அவர் எனக்குச் செஞ்ச ஒரே நல்லது."

இந்த இடத்தில் நல்ல தோழி என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் நின்றிருக்கலாம். பூதக்கண்ணாடிக்கு ஒன்றும் செய்யாமல் நிற்கத் தெரியாது. குறை கண்ணில் பட்டுவிட்டது, இனி சரி செய்ய வேண்டியதுதான் பாக்கி. "விட்டுத் தொலைக்க வேண்டியதுதானேடி? உன் கைதானே? வேற யார் கையுமா வந்து பிடுங்குது?" என்றாள். முப்பது வருஷமாகத் தொப்பி தன்னைத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி அது.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று. விரலில் வேப்பெண்ணெய். பிறகு மணிக்கட்டில் ரப்பர் பேண்டு, நினைப்பு வந்தால் இழுத்து விட்டுக்கொள்ளச் சொன்னாள். மணிக்கட்டு சிவந்ததுதான் மிச்சம். கடைசியில், "என் மேல சத்தியம் பண்ணு, இனிமே தொடமாட்டேன்னு" என்று கையை நீட்டினாள். தொப்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதில் தன் கையை வைத்தாள். அந்தச் சத்தியம் நாலு மணி நேரம் தாங்கியது. தோழியின் மேல் சத்தியம் செய்து அதை உடைத்தவள் என்கிற பாரமும் அன்று முதல் அவள் தலையில் சேர்ந்துகொண்டது. பூதக்கண்ணாடியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. "விட்டுட்டேன்" என்றாள். இவள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஒரு லென்ஸ் திரும்பி வந்தது. கோட்டிங்குக்குள் ஒரு முடி. சூப்பர்வைசர் கெட்ட மனிதரில்லை, நல்லவர் என்றும் சொல்ல முடியாது, மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவர். லென்ஸை ஒரு அட்டையில் ஒட்டி, அறிவிப்புப் பலகையில் மாட்டினார். "எல்லாரும் வந்து பாருங்க. இந்த அறையிலிருந்து போனது. இன்னொரு முடி வந்துச்சு, ஒவ்வொருத்தரையா நிக்க வெச்சுத் தொப்பியைக் கழட்டிப் பார்த்துடுவேன். யார் முடியோ அவங்களுக்கு இந்த அறையில வேலை இல்லை," என்றார்.

பதினோரு பேர் போய்ப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி மட்டும் போகவில்லை. தெரிந்த விஷயத்தை யாராவது போய்ப் பார்ப்பார்களா? யாருடைய முடி என்று அவளுக்குத்தான் தெரியுமே.

சாப்பாட்டு நேரத்தில் தொப்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "வேலை போனா போகட்டும்டி. எல்லார் முன்னாடியும் தொப்பியைக் கழட்டச் சொன்னா என்னால நிக்க முடியாது," என்றாள்.

"கழட்ட விடமாட்டேன். நான் இருக்கேன்ல?" என்றாள் பூதக்கண்ணாடி. அவளுக்கு வழியும் தோன்றிவிட்டது. லென்ஸ் பிடிப்பது இடது கை. வலது கைக்குத் தட்டை நகர்த்துவதைத் தவிர வேலை இல்லை. அந்த வேலையில்லாத கைதான் எழுந்து தொப்பிக்குள் போகிறது. அறையில் பேசக் கூடாது என்பது சட்டம், பேசினால் கவனம் சிதறும். ஆனால் இருமக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. "உன் கை மேலே போனா நான் இருமுறேன். உடனே கீழே போட்டுடு. யாருக்கும் தெரியாது."

அது பலித்தது. முதல் நாள் முப்பது இருமல். வாரக் கடைசியில் பத்து. கை பாதி தூரம் எழும்போதே பூதக்கண்ணாடியின் தொண்டை செருமும், கை மேஜைக்குப் போய்விடும். மூன்று வாரத்தில் ஒரு முடி கூட அந்த மேஜையில் விழவில்லை. பூதக்கண்ணாடிக்குப் பெருமை பிடிபடவில்லை. தொண்டை வலிக்கு வெந்நீர் குடிக்கும்போது கூட ஒரு புண்ணியம் செய்த திருப்தி.

அவள் பார்க்காதது நிறைய. பகலில் இறக்கி வைத்த கை, வீட்டுக்குப் போனதும் விட்டதையெல்லாம் பிடித்தது. தொப்பியின் மேல் இமையில் முடி குறைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் எவனாவது இருமினால் அவள் தோள் துள்ளியது. சொந்த மகள் சளியில் இருமியபோது அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டாள். இமை போனதைப் பூதக்கண்ணாடி கவனித்தாள்தான். 'இமைதானே, தலை தப்பியதே' என்று தேற்றிக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன கதையாக நினைத்தாள்.

அந்த வரிசையின் கடைசி மேஜைக்காரிக்கு ரேடியோ என்று பெயர். பேசக் கூடாத அறையில் எட்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரும் ரேடியோவுக்குப் பார்ப்பதைத் தவிர என்ன பொழுதுபோக்கு? ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்துவிட்டாள். "நானும் நாலு நாளாப் பார்க்குறேன். இவ இருமினா அவ கை இறங்குது. கயிறு கட்டின பொம்மை கெட்டது போ! சந்தேகமா இருந்தா மதியம் நான் இருமுறேன், பாருங்க." தொப்பி அப்போது கழிவறையில் இருந்தாள். பூதக்கண்ணாடி அங்கேயேதான் இருந்தாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை, வேலையைப் பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் முகம் போன போக்கே ரேடியோவுக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

மதியம் ரேடியோ இருமினாள். தொப்பியின் கை மேலே போகவே இல்லை, தட்டைத்தான் நகர்த்திக்கொண்டிருந்தது. இருந்தாலும் சட்டென்று மேஜையில் விழுந்தது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். இன்னொருத்தி இருமினாள். பிறகு இன்னொருத்தி. அவர்கள் ஒன்றும் கொடியவர்கள் இல்லை. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒருத்தி வேலையை இன்னொருத்தி செய்கிறவர்கள்தான். ஆனால் எட்டு மணி நேர மௌனத்தில் ஒரு விளையாட்டு கிடைத்தால் மனுஷர்கள் அதை விடமாட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, அதுவும் வாயைத் திறக்காமலே பேசுகிற வாய்க்கு?

மூன்றாம் நாள் சூப்பர்வைசர் உள்ளே வந்தபோது ஐந்தாறு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். "என்ன, அறை முழுக்கச் சளியா?" என்றார். ஒருத்தி குனிந்து சிரித்தாள். ரேடியோ சொன்னாள், "எங்களுக்கு ஒண்ணும் இல்லை சார். சிலருக்குத்தான் கை சும்மா இருக்கமாட்டேங்குது. அந்த லென்ஸ் முடி யாரோடதுன்னு தொப்பியைக் கழட்டினாத் தெரியும்."

பூதக்கண்ணாடி நாற்காலி கீழே விழ எழுந்தாள். காப்பாற்றத்தான் எழுந்தாள், அதில் சந்தேகமே வேண்டாம். "அது அவளுக்கு நோய், சார்! வேணும்னு பண்றதில்லை. சின்ன வயசுல இருந்தே அவளே தன் முடியைப் பிடுங்கிக்கிறா. இப்ப விட்டுட்டா, நான் பார்த்துக்கிறேன், சார்!"

பூதக்கண்ணாடிக்கு அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன போனது என்று உறைத்தது. முப்பது வருஷம் புருஷனுக்குக் கூடச் சொல்லாததை, ஒரு மூச்சில், பத்துப் பேர் முன்னால், ஒரு ஆண்பிள்ளை முன்னால், அவள் போட்டு உடைத்திருந்தாள்.

தொப்பி கையிலிருந்த லென்ஸை நீலத் தட்டில் வைத்தாள். எழுந்தாள். தொப்பியை அவளே கழற்றினாள், மடித்து மேஜை மேல் வைத்தாள். விளக்கு வெளிச்சம் நேராக உச்சியில் விழுந்தது. இந்த அறையில் அந்த விளக்குக்குக் கீழே எதுவும் மறையாது. ஒருவரும் இருமவில்லை. வரிசையின் நடுவில் நடந்து, கதவைத் திறந்து, வெறுந்தலையோடு அவள் வெளியே போனாள். பின்னாலேயே போக வேண்டும் என்று பூதக்கண்ணாடியின் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அதிலேயே உட்கார்ந்தாள்.

அன்று மாலை தொப்பியின் தட்டை அவள்தான் முடித்தாள். நாற்பது லென்ஸ். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் கூட முடி இல்லை. வெளியே வரும்போது அறிவிப்புப் பலகையில் அந்த அட்டை தொங்கியது. முதல் முறையாக அதன் முன் நின்றாள். லென்ஸின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வளைந்து கிடந்தது முடி. தொப்பியின் தலையில் விரல்கணுவுக்கு மேல் முடி கிடையாது என்பதைக் கழிவறையில் கண்ணாலேயே பார்த்தவள் அவள். அட்டையைக் கழற்றி விளக்கடிக்குக் கொண்டுபோனாள். முடி கறுப்பு. ஒரு முனையில் மட்டும் நெல் நீளத்துக்கு வெள்ளை. டை அடித்து இரண்டு வாரம் ஆனால் அவ்வளவுதான் வளரும்.

அறையில் டை அடிப்பவள் அவள் ஒருத்திதான். மேஜை இழுப்பறையில் அந்தப் பென்சில் இருந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் அட்டையை நீட்டினாள். "இது என்னோட முடி, சார். அவளுது இல்லை. பென்சிலால சொறியும்போது விழுந்திருக்கு." அவர் வாங்கிப் பார்த்தார். "இனிமே கவனமா இருங்க" என்று குப்பைக் கூடையில் போட்டார். "அவங்களை நான் போகச் சொல்லவே இல்லையேம்மா. அவங்களாத்தானே போனாங்க?" வேலை போகவேண்டியவளுக்குப் போகவில்லை. ரேடியோ அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பூதக்கண்ணாடி தொப்பியின் வீட்டுக்கு மூன்று முறை போனாள். இரண்டாம் மாடி. முதல் இரண்டு முறையும் மகள் கதவைப் பாதி திறந்து, "அம்மா தூங்குறாங்க, பெரியம்மா" என்றாள். மூன்றாவது முறை மழை. தெப்பமாக நனைந்து நின்றவளைப் பார்த்து மகள் வழி விட்டாள், துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

தொப்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் துணி இல்லை. கையில் முடிச்சு முடிச்சாகப் போட்ட ஒரு கயிறு. முகம் ஒரு மாதத்தில் பாதியாகியிருந்தது.

"அந்த முடி என்னோடதுடி," என்றாள் பூதக்கண்ணாடி, உட்காராமலே. "உன்னோடது இல்லை. நான் போய்ப் பார்க்கவே இல்லை. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன். நீ திரும்பி வரலாம்."

"எல்லாரும் பார்த்தாச்சு. இனிமே எங்கே வர்றது?" தொப்பியின் குரலில் கோபம் கூட இல்லை. மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம், மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம். "இது நிறையப் பேருக்கு இருக்காம். என் திமிரும் இல்லை, பைத்தியமும் இல்லையாம். அடக்கு அடக்குன்னா அடங்காது, கைக்கு வேற வேலை கொடுத்துக் கொடுத்துப் பழக்கணும்னாங்க. அதுக்குத்தான் கயிறு. சில நாள் கேட்குது. சில நாள் கேட்கலை. கூட இருக்கிறவங்க காவல் காக்கக் கூடாதுன்னும் சொன்னாங்க."

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு வாரம் என் கையையே பார்த்துக்கிட்டிருந்தே. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனான்னு ஒரு நாள் கேட்டியாடி?"

கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கயிறு மடியில் நழுவியது. தொப்பியின் வலது கை மெல்ல எழுந்து உச்சிக்குப் போனது. அவளுக்கே அது தெரியவில்லை, ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வாழ்நாளில் முதல் முறையாக, கண்ணுக்கு நேரே தெரிந்த ஒன்றைப் பார்க்காமல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் கரகரத்தது. மழையில் நனைந்த சளி, நிஜமான இருமல். விழுங்கினாள். மறுபடி எழும்பியது. துண்டை வாயில் அழுத்தினாள், கண்ணில் தண்ணீர் முட்டியது. "இதோ வர்றேன்" என்று கூடச் சொல்ல முடியாமல் எழுந்து, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு மாடிப் படியும் இறங்கி, தெருவில் மழைக்குள் போய் நின்றாள். அங்கே இருமினாள். குடல் வெளியே வருகிற மாதிரி இருமித் தீர்த்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

தொப்பி அதே இடத்தில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு கையும் மடியில், வாத்தியாருக்குப் பயந்த பிள்ளை மாதிரி, ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன.

"சளிடி," என்றாள் பூதக்கண்ணாடி. "சத்தியமா வெறும் சளிதான்."

"எனக்குத் தெரியுது," என்றாள் தொப்பி. "கைக்குத் தெரியலை."

பூதக்கண்ணாடி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கையைத் தொடப் போனாள், தொடவில்லை. ஈரத் துண்டை மடியில் வைத்துப் பிழிந்தாள்.

"சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் தொப்பி.